கிருஷ்ணகிரியிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்? விமானத் தூரமும் பயண நேரமும் கணக்கிட முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா படிவம், விமான டிக்கெட் பிரிண்ட் எல்லாம் இங்கே நடக்கும். மகனையோ மகளையோ பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள்தான் அதிகம் வருவார்கள். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி: "தம்பி, லண்டன் இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்?"

அவர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது? எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்? அங்கே இறங்கும்போது பகலா, இரவா? தூரத்தில் தொடங்கி இந்தக் கேள்விகள் வரைக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றினால் எங்காவது தப்பு விழும். பெங்களூரு–லண்டன் பயணத்தை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க அங்கங்கே சான் பிரான்சிஸ்கோ பயணத்தையும் சொல்வேன்.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

டிக்கெட் அல்லது டிக்கெட் போடப் பார்த்துவைத்த விமானத்தின் எண், கால்குலேட்டரும் மேப்பும் உள்ள ஒரு போன், ஒரு வெள்ளைத்தாள். இவ்வளவு போதும். தாள் எதற்கு என்றால், இந்தக் கணக்கில் இரண்டு ஊர் நேரம் வரும். மனக்கணக்காகப் போட்டால் ஆறாவது படியில் கட்டாயம் குழம்பும்.

சேருமிடத்து முகவரியை, முடிந்தால் பின்கோடோடு, மகனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "லண்டன்ல இருக்கான்" என்பார்கள். விசாரித்தால் அவன் வீடு லண்டனிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும்.

## 2. ஊரை விடுங்கள், விமான நிலையத்தைப் பிடியுங்கள்

இணையத்தில் "கிருஷ்ணகிரி டு லண்டன்" என்று தேடினால் ஒரு எண் வரும். அது கிருஷ்ணகிரி ஊரின் நடுவிலிருந்து லண்டன் ஊரின் நடு வரைக்கும் இழுத்த கோடு. நம் ரவுண்டானாவிலிருந்து எந்த விமானமும் கிளம்புவதில்லை. ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்குக் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வாசல் தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 130 கி.மீ., தருமபுரியிலிருந்து சுமார் 175 கி.மீ. சென்னை என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், வாணியம்பாடி, வேலூர் வழியாக 250 கி.மீ.க்கு மேல். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் காமலாபுரம் பக்கம்தான், ஆனால் அங்கிருந்து உள்நாட்டு விமானங்கள் மட்டுமே.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. பெங்களூரு பி.எல்.ஆர்., சென்னை எம்.ஏ.ஏ., லண்டன் ஹீத்ரோ எல்.எச்.ஆர். தேடும்போது ஊர்ப் பெயரை விட்டுவிட்டு இந்த எழுத்துகளைப் போடுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதுதான் காரணம். நம் சேலத்தின் குறியீடு எஸ்.எக்ஸ்.வி.; அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது, அது எஸ்.எல்.இ. சிட்னி ஆஸ்திரேலியாவில் மட்டும் இல்லை, கனடாவிலும் உண்டு. லண்டன் என்று போட்டால் ஹீத்ரோ, கேட்விக் என்று பல நிலையங்கள் வந்து நிற்கும்.

இன்னொரு பொறி பெங்களூரிலேயே இருக்கிறது. மேப்பில் "ஏர்போர்ட் ரோடு" என்று போட்டால் பழைய விமான நிலையச் சாலையும் வரும். 2008 மே மாதமே பயணிகள் விமானம் அங்கிருந்து தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் முழு நகரமே கிடக்கிறது. பன்னாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாவது டெர்மினலில் நடக்கின்றன. டிரைவரிடம் டெர்மினல் எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

## 3. வான்வழித் தூரத்தைக் கணக்கிடுங்கள்

தூரத்தைக் காட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரு தடவையாவது நீங்களே போட்டுப் பார்த்தால், அந்தத் தளம் காட்டுவது மைலா கிலோமீட்டரா என்று சந்தேகம் வரும்போது கை உதவும்.

மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. பெங்களூருக்கு 13.2, 77.7. ஹீத்ரோவுக்கு 51.5, கழித்தல் 0.5. கழித்தல் குறி என்றால், தீர்க்கரேகை பூஜ்யமாக இருக்கும் கிரீன்விச்சுக்கு மேற்கே என்று பொருள்.

போனில் அறிவியல் கால்குலேட்டரைத் திறந்து, முதலில் சைன் 30 போடுங்கள். 0.5 வந்தால் சரி. கழித்தல் 0.988 வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அரை மணி நேரம் முட்டிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கணக்கு:

அ) தீர்க்கரேகை வித்தியாசம்: 77.7 − (−0.5) = 78.2

ஆ) சைன் 13.2 × சைன் 51.5 = 0.1787

இ) காஸ் 13.2 × காஸ் 51.5 × காஸ் 78.2 = 0.1239

ஈ) ஆ, இ இரண்டையும் கூட்டினால் 0.3026

உ) 0.3026க்கு நேர்மாறு காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 72.38 டிகிரி

ஊ) ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 8,050 கி.மீ.

பூமி உருண்டை என்பதால் அதன் முதுகின் மேல் வளைந்து போகும் மிகக் குட்டையான வழி இது. சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்தால் இந்த விடை வராது. உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்குப் பகுதி இழுபட்டுவிடும். பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குட்டையான வழி எந்தப் பக்கம் தொடங்குகிறது தெரியுமா? கிழக்கே இல்லை, ஏறக்குறைய நேர் வடக்கே. சைபீரியாவின் உச்சி வரைக்கும் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. ஒரு ஆரஞ்சுப் பழத்தின் மேல் நூலை வைத்து இழுத்துப் பார்த்தால் நம்புவீர்கள்.

அதிகம் நடக்கும் தப்பு கழித்தல் குறியை விடுவது. ஹீத்ரோவுக்கு 0.5 என்பதால் பெரிதாக உறைக்காது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தீர்க்கரேகை கழித்தல் 122.4. வித்தியாசம் 200.1 வர வேண்டும். குறியை விட்டால் 44.7 என்று எடுத்து, தூரம் 5,180 கி.மீ. ஆகிவிடும். அமெரிக்கா லண்டனை விடப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று அப்போதாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும். சரியான விடை 13,990 கி.மீ.ஐ ஒட்டி வரும்.

அலகையும் பாருங்கள். 8,050 கி.மீ. என்பது 5,000 மைல், கடல் மைலில் சுமார் 4,345. மூன்றும் ஒரே தூரம்தான். "ஒரு தளத்துல எட்டாயிரம், இன்னொண்ணுல நாலாயிரம்னு போட்டிருக்கு, எதை நம்புறது" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு.

## 4. தூரத்தை மணியாக மாற்றுங்கள்

பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். அதனால் 8,050ஐ 900ஆல் வகுத்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் குறைவாக வரும், அது பொய்க்கணக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்குப் போக வரிசையில் நிற்க வேண்டும், இறங்கிய பிறகும் ஊர்ந்து போக வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வாசலிலிருந்து கிளம்பி வாசலில் நிற்கும் வரைக்குமான நேரம்.

நான் போடும் கணக்கு இதுதான்: 850ஆல் வகுத்து அரை மணி கூட்டுவது. 8,050 ÷ 850 = 9.47, அதாவது ஒன்பதரை மணி. அரை மணி சேர்த்தால் பத்து. சான் பிரான்சிஸ்கோவுக்கு அதே கணக்கில் பதினேழு.

புள்ளியைக் கவனியுங்கள். 9.47 என்பது 9 மணி 47 நிமிடம் இல்லை. 0.47ஐ 60ஆல் பெருக்கினால் 28 நிமிடம்.

## 5. காற்றையும் மூடிய வானத்தையும் சேருங்கள்

மேலே மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஓடுகிறது, சில இடங்களில் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல். குளிர்காலத்தில் இன்னும் கூடும். மேற்கே போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று, திரும்பும்போது அதுவே முதுகில் தள்ளும். அதனால் லண்டன் போகப் பத்தரை முதல் பதினொரு மணி வரை ஆகும், திரும்ப அதைவிட முக்கால் மணியோ ஒரு மணியோ குறையும். போன நேரத்தையே வரும் நேரமாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

குட்டையான வழியில்தான் விமானம் போகும் என்றும் இல்லை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வானத்தைப் பல மேற்கத்திய நாட்டு விமானங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. ஒரே இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு நிறுவனம் நேராகவும் இன்னொன்று சுற்றியும் போவது இதனால்தான். ஆகவே உங்கள் கணக்கில் வந்த பத்து மணியை அளவுகோலாக மட்டும் வையுங்கள். ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைப் போட்டுக் கடந்த ஒரு வாரம் உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். கணக்குக்கும் அதற்கும் ஒரு மணி வித்தியாசம் இருந்தால் இயல்பு. மூன்று மணி இருந்தால் விமானம் சுற்றிப் போகிறது, அல்லது நடுவில் இறங்கி ஏறுகிறது.

## 6. இரண்டு ஊர்க் கடிகாரம்

எல்லோரும் தடுக்கி விழும் படி இதுதான். நானும் விழுந்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர் நேரம், சேரும் நேரம் சேரும் ஊர் நேரம். இரண்டையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. காலை 7 மணிக்குப் பெங்களூரில் ஏறி, பகல் 1.10க்கு லண்டனில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கழித்தால் ஆறு மணி பத்து நிமிடம். "அட, பரவாயில்லையே, நம்ம ஊர்லருந்து சென்னைக்கு பஸ்ல போற நேரம்தான்" என்று ஒரு ஐயா சந்தோஷப்பட்டார்.

சரியான முறை, சேரும் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது. லண்டன் கோடையில் நம்மை விட நாலரை மணி பின்னால். பகல் 1.10 என்றால் நமக்கு மாலை 5.40. காலை 7லிருந்து 5.40 வரை 10 மணி 40 நிமிடம். நான்காம், ஐந்தாம் படியில் வந்ததோடு ஒத்துப்போகிறதா? அப்படியென்றால் டிக்கெட்டைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

"கோடையில்" என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் நாலரை, மற்ற மாதங்களில் ஐந்தரை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. சான் பிரான்சிஸ்கோ அப்போது நம்மை விடப் பன்னிரண்டரை மணி பின்னால், மற்ற நாட்களில் பதின்மூன்றரை. துபாயில் இந்தத் தொல்லை இல்லை, வருடம் முழுவதும் ஒன்றரை மணி பின்னால்.

அமெரிக்கப் பயணத்தில் தேதியும் விளையாடும். பத்தாம் தேதி மாலை 3 மணிக்குப் பெங்களூரில் ஏறிப் பதினாறு மணி நேரம் பறந்தால், நமக்குப் பதினொன்றாம் தேதி காலை 7. அங்கே கோடை என்றால் பத்தாம் தேதி மாலை 6.30தான். டிக்கெட்டில் ஏறும் தேதியும் இறங்கும் தேதியும் ஒன்றாக இருக்கும், தப்பு இல்லை. திரும்பும்போது நேர்மாறு. பத்தாம் தேதி இரவு 8க்கு அங்கே ஏறிப் பதினேழரை மணி பறந்தால், இங்கே இறங்கும்போது பன்னிரண்டாம் தேதி அதிகாலை 2 மணி. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாகக் கூட்டல் 1, கூட்டல் 2 என்று போட்டிருப்பது இதைத்தான். கூட்டி அழைத்து வரப் போகிறவர்கள் அந்தப் பொடி எழுத்தைப் பார்க்காமல் முதல் நாளே போய் நின்றுவிடுகிறார்கள்.

## 7. நடுவில் மாறி ஏறினால்

துபாய் வழியாகப் போனால் தூரம் ரொம்பக் கூடும் என்று நினைப்பார்கள். போட்டுப் பாருங்கள். பெங்களூரு–துபாய் சுமார் 2,700, துபாய்–லண்டன் சுமார் 5,500. மொத்தம் 8,200. நேர் வழியை விட 150 கி.மீ.தான் அதிகம், நம் ஊரிலிருந்து விமான நிலையம் போகும் தூரத்துக்குக் கொஞ்சம் மேல். நேரமோ முதல் விமானம் நாலு மணி, இரண்டாவது ஏழரை, நடுவில் மூன்று மணி காத்திருப்பு என்று பதினாலரை ஆகிவிடும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வழி மாறினால் தூரமும் நன்றாகவே மாறும். துபாய் வழியாக சுமார் 15,700, சிங்கப்பூர் வழியாக சுமார் 16,800.

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பொறுப்பு உங்களுடையது. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். அமெரிக்காவுக்குள் மாறி ஏறுவதென்றால் இன்னொரு விஷயம்: முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடியும், பெரும்பாலும் பெட்டியையும் அங்கேயே எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி கொடுக்க வேண்டும். ஒன்றேகால் மணி இடைவெளி தாளில் அழகாகத் தெரியும். முட்டி வலியோடு நடக்கும் அம்மாவுக்கு அது போதாது. அங்கே நான் மூன்று மணிக்குக் குறையாமல் பார்ப்பேன், சக்கர நாற்காலியும் டிக்கெட்டோடேயே கேட்டு வைப்பேன்.

## 8. பின்னாலிருந்து எண்ணிக் கிளம்பும் நேரத்தைப் பிடியுங்கள்

விமானம் காலை 7 மணிக்கு என்றால் அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பெட்டி வாங்கும் கவுன்டரைச் சுமார் ஒரு மணி முன்பே மூடிவிடுவார்கள். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி முன்னால் இருக்க வேண்டும், அப்படியானால் விடியற்காலை 4. இரவில் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பாள் வழியாகப் போக மூன்று மணி. அதன்மேல் ஒரு மணி கையிருப்பு. ஆக நள்ளிரவு 12க்குக் கிளம்ப வேண்டும். தருமபுரியிலிருந்து 11க்கு.

இதே விமானம் பகல் 1.30க்கு என்றால் கணக்கே வேறு. 10.30க்கு அங்கே இருக்க வேண்டும். காலையில் ஓசூரைத் தாண்டினதும் வேலைக்குப் போகும் கூட்டம் பிடித்துக்கொள்ளும். மூன்று மணி ஐந்தாகும். நான் காலை 5.30க்குக் கிளம்பச் சொல்வேன், எட்டு மணிக்குள் சில்க் போர்டைத் தாண்டிவிட வேண்டும். நகரத்துக்குள் போக மனமில்லை என்றால் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹோஸ்கோட்டை வழியாகத் தேவனஹள்ளிக்குச் சுற்றுவழி இருக்கிறது. பழக்கமான டிரைவரோடு, பகலில் மட்டும். வாடகைக் கார் என்றால் கர்நாடக பர்மிட் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இரவு ஒரு மணிக்கு எல்லையில் நின்று கேட்கிற கேள்வி இல்லை அது.

மொத்தம் கூட்டுவோம். நள்ளிரவு 12க்குக் கிளம்பினீர்கள். லண்டனில் இறங்கும்போது நமக்கு மாலை 5.40. குடியேற்றச் சோதனை, பெட்டி என்று ஒன்றரை மணி, அங்கிருந்து மகன் வீட்டுக்கு இன்னொரு ஒன்றரை மணி. இரவு 8.40. வாசலிலிருந்து வாசலுக்கு 20 மணி 40 நிமிடம். பறந்தது அதில் பாதிதான்.

இப்போது என் கதை. என் சித்தப்பாவின் டிக்கெட்டில் பதினைந்தாம் தேதி, 02:10 என்று இருந்தது. "பதினஞ்சாம் தேதி ராத்திரி ரெண்டு மணிக்கு" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அவரும் பதினைந்தாம் தேதி சாயங்காலம் மாங்காய் ஊறுகாய் டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். விமானம் அன்று அதிகாலையே போய்விட்டது. இரவு பன்னிரண்டைத் தாண்டினால் தேதி மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் நம் பேச்சில் அதிகாலை இரண்டு மணி என்பது முந்தின நாள் இரவுதான். அன்றிலிருந்து நள்ளிரவு முதல் காலை 5 வரை உள்ள விமானம் எதுவாக இருந்தாலும் "பதினான்காம் தேதி சாப்பிட்டுவிட்டு, அன்றிரவே" என்று தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

## 9. தாளில் எழுத வேண்டியது

வீட்டில் கிளம்பும் நாள், கிழமை, மணி. விமான நிலையம், டெர்மினல் எண். விமானம் கிளம்புவது நம் நேரத்தில். இறங்குவது அந்த ஊர் நேரத்தில், பக்கத்திலேயே நம் நேரத்தில். மகன் வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரமும் அப்படியே இரண்டு ஊர் நேரத்திலும். ஒரு நகல் கைப்பையில், ஒரு நகல் இங்கே வீட்டில் இருப்பவர்களிடம். போன் வரவில்லையே என்று அவர்கள் மதியமே பதறாமல் இருக்க இது உதவும்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி, எந்த மணிக்கு எது என்று அதிலேயே குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கியதும் போன் கடிகாரம் தானாக மாறிவிடும். கைக்கடிகாரத்தை மட்டும் மகன் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை நம் நேரத்திலேயே விட்டு வையுங்கள். தாளில் குறித்த மாத்திரை மணி அதைப் பார்த்தால்தான் சரியாக வரும்.